பேய்க்குப் பல் எடுத்த பெயின்டர் சம்பங்கி

"சாமியானாலும் சரி, பேயானாலும் சரி, நான் வரைஞ்ச மூஞ்சிய அழிக்கறதுக்கு எனக்கு ஒரு பக்கெட்டு வெள்ளை போதும். அழிச்சிட்டேன்னா அப்புறம் அது யாரோ, நான் யாரோ. என்னிக்காச்சும் கை நடுங்கிச்சின்னா அன்னிக்கே பிரஷ்ஷ உடைச்சி அடுப்புல வெச்சிடுவேன்."

இந்தப் பிரகடனம் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை பஜாரில், ஆபிரகாமின் டீக்கடையில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் சினிமா பேனர் எழுதும் பெயின்டர் சம்பங்கி. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் டீ ஆறிவிடுமே என்ற கவலையில் இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. வரலாற்றில் பல பிரகடனங்கள் இப்படித்தான் ஏகமனதாக நிறைவேறியிருக்கின்றன.

சொன்னதில் பொய் இல்லை. டீக்கடைக்கு எதிரே இருந்த தியேட்டரின் முதலாளி பாண்டுரங்கன், பக்கத்தில் மளிகை மண்டியும் வைத்திருந்தவர். ஒரு மூட்டைப் பருப்பை இரண்டு தரமாகப் பிரித்து விற்கத் தெரிந்த மனிதர், ஒவ்வொரு படத்துக்கும் புதுத் துணி வாங்கித் தருவாரா? வாசல் பேனருக்கு ஒரே காடாத் துணிதான். படம் மாறும்போது பழைய ஓவியத்தின் மேல் வெள்ளை பூசி, காய்ந்ததும் அதன் மேலேயே அடுத்த படத்தை எழுத வேண்டும். அந்தத் துணியைச் சுரண்டிப் பார்த்தால் ஒரு முருகனுக்கு அடியில் ஒரு கொள்ளைக்காரன், கொள்ளைக்காரனுக்கு அடியில் காசநோய்த் தாய், தாய்க்கு அடியில் இன்னொரு முருகன் என்று வரிசையாக அகப்படுவார்கள். பிரபஞ்சத்தைப் பற்றி வேதாந்திகள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் துணிக்கணக்கு பார்ப்பதில்லை, அவ்வளவே.

கலையில் இருளும் ஆன்மீகமும் எப்படி வருகின்றன என்று இப்போதெல்லாம் பெங்களூரில் கருத்தரங்கு நடத்துகிறார்கள். பேசுகிறவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் உண்டு. சம்பங்கி தன் டீக்குத் தானே காசு கொடுத்துக்கொண்டு இதை எப்போதோ சொல்லிவிட்டார்.

"மேலேர்ந்து வெளிச்சம் வுழுந்தா சாமி. கீழேர்ந்து வுழுந்தா பேய். மூஞ்சி ஒண்ணுதான்."

ஆதாரமும் வைத்திருந்தார். ஒருமுறை பெருமாளின் தாடைக்கு அடியில் தவறிப்போய் மஞ்சள் பட்டுவிட, அன்று மாலையே இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்ததாகப் புகார் வந்தது. சம்பங்கி ஏணியில் ஏறி மஞ்சளைத் துடைத்தார். காய்ச்சல் இறங்கியதாகத் தகவலும் வந்தது. இதற்கு மேல் ஒரு கோட்பாட்டுக்கு என்ன நிரூபணம் வேண்டும்?

அறுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம் பாண்டுரங்கன் ஒரு பேய்ப்படத்தை வாடகைக்குப் பிடித்தார். ஆடியில் கல்யாணம் இல்லை, வீடு குடிபோவது இல்லை. ஜனங்களுக்குப் பொழுது போக வேண்டுமானால் முதல் பாதி ஆடிக்குப் பேய், மறு பாதிக்கு அம்மன் என்பது அவர் வகுத்த நெறி. படப்பெட்டி மெட்ராஸிலிருந்து வந்துவிட்டது. அதோடு வரவேண்டிய ஸ்டில் படங்கள் பங்காருபேட்டை ஸ்டேஷனில் எந்த மூட்டைக்குப் பின்னால் போயினவோ, வரவில்லை. ஸ்டில் இல்லாமல் பெயின்டருக்குப் பேயின் ஜாடை தெரியாது.

"பேய்க்கு இன்னாய்யா ஜாடை? அதப் பார்த்தவன் எவன் வந்து கேக்கப் போறான்? வரைய்யா" என்றார் பாண்டுரங்கன்.

சம்பங்கி வரைந்தார். துணி முழுக்கக் கறுப்படித்தார். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு முகம். கன்னத்தில் சாம்பல் வெள்ளை, கண்ணைச் சுற்றிக் குழி, வாயின் இரண்டு ஓரத்திலும் விரலுக்கு மேல் நீளமாகக் கோரைப்பல், பல் நுனியில் சிவப்பு. எல்லாம் முறைப்படிதான். ஒரே ஒரு பிசகு நடந்துவிட்டது. வெளிச்சம் மேலேயிருந்தும் விழவில்லை, கீழேயிருந்தும் விழவில்லை. நேரே முன்னாலிருந்து விழுந்தது. ஓவிய சாஸ்திரத்தில் இதற்குப் பெயர் கிடையாது. ஆனால் கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் இறங்கிய ஒவ்வொருவனுக்கும் அந்த வெளிச்சம் தெரியும். சுரங்கத்து லெவலில், அதாவது பாறையைக் குடைந்து பக்கவாட்டில் போகும் பாதையில், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால், ஒருவன் முகத்தை மற்றவனின் தொப்பி விளக்குதான் காட்டும். சுற்றிலும் வேறெதுவும் இருக்காது. பாறைத்தூள் படிந்து முகம் வெளுத்திருக்கும்.

வேறு எந்த ஊரிலும் அந்தப் பேனரைப் பார்த்துக் கர்ப்பிணிகள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். இங்கே ஷிஃப்ட் விட்டுப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"இவன எங்கியோ பார்த்துக்கீறேன்பா."

"நம்ம செகண்ட் ஷிஃப்டு ஆளு மாதிரி கீறான்."

"பாவம், களைச்சிப் போயிக்கீறான்."

பேயைப் பார்த்து ஊர் பரிதாபப்பட்டது. ஒரு பேனர் பெயின்டருக்கு இதைவிட இழிவு கிடையாது.

மறுநாள் காலை ஆபிரகாம் கடையில் சம்பங்கி பன் நனைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் இட்லி சுட்டு விற்கிற ஜெயம்மா. கூடவே பதினாறு வயது மகள் வள்ளி.

"பேனர் எழுதறவரு நீங்கதானாண்ணா?"

"நான்தான். இன்னா சமாச்சாரம்?"

"அந்தப் பல்ல மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்கண்ணா."

"எந்தப் பல்ல?"

"எங்க வூட்டுக்காரு வாயில வெச்சிக்கிறீங்களே ரெண்டு, அதத்தான்."

சம்பங்கி பன்னைக் கீழே வைத்தார். "அது உங்க வூட்டுக்காரு இல்லமா. பேய்."

"பேயாவே இருக்கட்டும், நான் வேணாங்கல. செத்துப்போன ஆளு பேயா இருக்கறதுல இன்னா அதிசயம்? ஆனா அந்தாளுக்குப் பல்லு அப்படி இல்லண்ணா."

"பல்லு இல்லாத பேய்க்கு எவன்மா டிக்கெட்டு வாங்குவான்?"

ஆபிரகாம் பாய்லருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "சம்பங்கி, உன் பேயப் பார்த்துப் பொம்பளைங்க பயந்து ஓடணும். இந்த அம்மா பல்லு வைத்தியத்துக்கு இல்ல இட்டாந்துக்கீது."

ஜெயம்மா சிரிக்கவில்லை. சங்கதியைச் சொன்னாள். வள்ளி கைக்குழந்தையாக இருந்தபோது கீழே பாறை வெடித்து லெவல் மூடிக்கொண்டது. புருஷன் ராஜப்பா மேலே வரவில்லை. உடம்பும் வரவில்லை. போட்டோவும் கிடையாது. ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று இரண்டு தடவை புறப்பட்டார்களாம். குழந்தைக்குக் கொஞ்சம் முடி வளரட்டும், அப்புறம் எடுத்துக்கலாம் என்று ராஜப்பாதான் தள்ளிப்போட்டானாம்.

"வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு இலை போட்டுச் செவுத்தப் பார்த்து வெக்கிறோம். செவுத்துக்கு இன்னாண்ணா தெரியும்? இவ அவங்கப்பன் மூஞ்சியப் பார்த்ததில்ல. நேத்து உங்க பேனரக் காட்டி, இதான்டி உங்கப்பாரு, பல்லு மட்டும் இல்லன்னு சொன்னேன். அவ பல்லத்தான் பாக்கறா."

வள்ளி பன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க வூட்டுக்காரு பேரு இன்னா சொன்னீங்க?"

"ராஜப்பா."

"எனக்குத் தெரியாது" என்றார் சம்பங்கி. பெயர் முழுசாக வெளியே வருவதற்குள் பதில் வந்துவிட்டதாக ஆபிரகாம் பிற்பாடு சொன்னார். டீக்கடைக்காரர்களின் சாட்சியத்தை அப்படியே ஏற்பதற்கில்லை.

இந்த இடத்தில் சம்பங்கியின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சிறு பகுதியைச் சொல்லியாக வேண்டும். வாலிபத்தில் அவரும் இரண்டு வருஷம் சுரங்கத்தில் பாறை அள்ளினார். திடீரென்று ஒருநாள் நின்றுவிட்டு, கடைகளுக்குப் போர்டு எழுதக் கிளம்பினார். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "கீழ கலர் பத்தல." கலைஞனுக்குரிய பதில் என்று ஊர் அதை ஏற்றுக்கொண்டது.

இதற்குள் பேனருக்கு முன்னால் வேறு விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. முதலில் யாரோ ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். எலுமிச்சம்பழம் இருக்கிற இடத்தில் கற்பூரம் தானாக வந்துசேரும். மூன்றாம் நாள் மாரிகுப்பத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து, இது எங்க பெரிய மாமா என்று அழுதது. பக்கத்து ஊரான ஊரிகத்துக்காரர்கள், இல்லை, இது எங்கள் தாத்தா, காது அவருடையது என்றார்கள். வேலைக்குப் போகிறவர்கள் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறுவதற்கு முன் கும்பிடுகிற முனீஸ்வரனுக்கு அடுத்தபடியாக இவனையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கோரைப்பல் யாருக்கும் தடையாக இல்லை. காவல் தெய்வத்துக்குப் பல் இருப்பது நியாயந்தானே.

பாண்டுரங்கன் முதலில் பூரித்துப்போனார். பிறகு டிக்கெட் கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தார். பூரிப்பு அடங்கியது.

"உள்ள ஒரு பேயி நாலு பேர வெச்சிக்கினு ஆடுது. வெளிய ஒரு பேய்க்கு நாநூறு பேரு தேங்கா உடைக்கிறான். யோவ், நான் வெச்சிக்கிறது தியேட்டரா, கோயிலா?"

"நீங்கதான மொதலாளி வரையச் சொன்னீங்க."

"பயப்படற மாதிரி வரையச் சொன்னேன். சொந்தம் கொண்டாடற மாதிரியா சொன்னேன்?"

ஓர் உண்டியல் வைத்தால் என்ன என்றும் அரைநாள் யோசித்தார். உண்டியலுக்குக் கேளிக்கை வரி உண்டா என்று விசாரித்ததில் தெளிவான பதில் கிடைக்காததால் அந்த ஆன்மீக முயற்சி கைவிடப்பட்டது. வெள்ளிக்கிழமை முதல் அம்மன் படம் என்று அறிவித்தார். பேயை அழித்து அதே துணியில் அம்மனை எழுத வேண்டும். வியாழக்கிழமை சாயந்தரத்துக்குள் பேனர் ஏறிவிட வேண்டும்.

செய்தி ஸ்கெலட்டன் லைனுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? புதன்கிழமை ஜெயம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை பல்லைப் பற்றிப் பேச்சில்லை.

"பல்லு இருந்தாலும் பரவால்லண்ணா. அழிக்காதீங்க. அடுத்த வாரம் அமாவாசை."

"துணி தியேட்டரோடதுமா. என் கையில இன்னா இக்குது?"

"கையிலதான இக்குது? நீங்கதான வரைஞ்சீங்க?"

சம்பங்கி காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார். "கவலப்படாத. உனக்குத் தனியா ஒண்ணு காயிதத்துல போட்டுத் தரேன். பல்லு இல்லாம. நாளைக்குள்ள" என்றார். வரைந்ததைத் திரும்ப வரைவதில் என்ன கஷ்டம்? ஒரே கதாநாயகனை நூறு தடவை வரைந்த கை அது.

அன்று மத்தியானம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கரித்துண்டால் வரைந்தார். முதல் தாளில் ஒரு கதாநாயகன் வந்தான். மீசையைத் தடிப்பாக்கினார், வில்லன் ஆனான். அடுத்த தாளில் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தார், நெற்றியில் நாமம் போட்டால் முடிந்துவிடும் போலப் பெருமாள் வந்தார். மூன்றாவது தாளில் வந்தவரை ஆபிரகாம் உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"இது என் மச்சான். எனக்குக் குடுத்துடு."

சம்பங்கி எதிரே தொங்கிய பேனரையே பார்த்துப் பார்த்து வரைந்தார். மூக்கு வந்தது, புருவம் வந்தது, அந்த ஆள் வரவில்லை. பதினைந்து வருஷமாக அவர் கைக்குத் தெரிந்த முகங்கள் மூன்றே மூன்று, கதாநாயகன், வில்லன், சாமி. நாலாவது ஒன்று ஸ்டில் வராத கோளாறினால் ஒரு தடவை நழுவி வெளியே வந்துவிட்டது. கூப்பிட்டால் வருகிற ஜாதி இல்லை போலிருக்கிறது. தாள்களைச் சுருட்டிப் பாய்லருக்குள் போட்டார்.

"இன்னா சம்பங்கி, கஷ்டமா கீதா?" என்றார் ஆபிரகாம்.

"கரி சரியில்ல."

வியாழக்கிழமை காலை பேனர் தியேட்டருக்குப் பின்னால் இறக்கப்பட்டுத் தரையில் விரிக்கப்பட்டது. பக்கெட்டில் வெள்ளை கரைத்து, அகலப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சம்பங்கி வேலையைத் தொடங்கினார். மூலையிலிருந்த சுடுகாட்டு மரம் முதலில் போயிற்று. மரத்தில் இருந்த ஆந்தை போயிற்று. படத்தின் பெயர் போயிற்று. இருட்டு நான்கு பக்கத்திலிருந்தும் வெள்ளையாகிக்கொண்டே வந்து கழுத்துவரை நெருங்கியது. சாதாரணமாக இவ்வளவு வேலைக்கு அவருக்கு ஒரு பீடி நேரம் போதும். அன்று முகத்துக்கு வந்தபோது வெள்ளை தடிப்பாக இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றினார். பிறகு நீர்த்துவிட்டது என்று சுண்ணாம்பு போட்டார். பிரஷ்ஷில் ஒரு மயிர் நீண்டிருந்தது, அதைப் பிடுங்கினார். வெயில் அதிகம் என்று சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் முகம் நேரே தெரிந்தது. எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார். அங்கேயும் தெரிந்தது. முன்னாலிருந்து வெளிச்சம் விழுகிற முகத்தில் இது ஒரு தொல்லை.

பிற்பகல் பாண்டுரங்கன் வந்து பார்த்தபோது துணி பூராவும் வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரு பெரிய சதுரம் மட்டும் வேறு துணியில் ஒட்டுப்போட்டுத் தைக்கப்பட்டிருந்தது.

"இன்னாய்யா இது?"

"எலி கடிச்சிடிச்சி மொதலாளி."

"எலி சதுரமாவா கடிக்கும்?"

"தியேட்டர் எலி. ஸ்கிரீனப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போச்சி."

பாண்டுரங்கன் ஒட்டுத்துணியைத் தடவிப் பார்த்தார். புத்தம் புது காடா, அவர் காசில் வாங்கியதில்லை. தனக்குச் செலவில்லாமல் நடந்த எதையும் துருவிக் கேட்பது அவர் வழக்கமில்லாததால் விசாரணை அத்துடன் முடிந்தது. அம்மன் நேரத்துக்கு ஏறினாள். ஒட்டுத்துணி வண்ணத்தை வேறு மாதிரி குடித்ததால் அம்மனின் முகம் மட்டும் உடம்பைவிட ஒரு சாயல் வெளுப்பாக இருந்தது. அதைத் தேஜஸ் என்றார்கள். படம் ஆறு வாரம் ஓடியது.

ஆடி அமாவாசை அன்று உச்சி நேரத்துக்கு சம்பங்கி ஸ்கெலட்டன் லைனுக்குப் போனார், கையில் சுருட்டிய துணியோடு. ஜெயம்மா வீட்டு வாசலில் நின்று, "கீழ போடற துணி, வீணாப் போவுதேன்னு எடுத்தாந்தேன்" என்றார்.

வள்ளி துணியை வாங்கிப் பிரித்தாள். ஒற்றை அறையில் ஒரு சுவரை அது முழுக்க அடைத்துக்கொண்டது. கோரைப்பல் இல்லை. வாய் மூடியிருந்தது. இடது கன்னம் மட்டும் வெற்றிலையை அடக்கிக்கொண்டது போல லேசாக உப்பியிருந்தது. பீடி பற்றவைக்கக் கூடாத ஆழத்தில் ஆட்கள் அடக்கிக்கொள்கிற மாதிரி.

ஜெயம்மா வெகுநேரம் பார்த்தாள். "வெத்தலையப் பத்தி நான் சொல்லவே இல்லியேண்ணா. யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"பேயின்னா வெத்தல போடும்மா. ஊருக்கே தெரிஞ்ச விஷயம்."

"இடது பக்கந்தான் போடுமா?"

"பெயின்ட்டு அங்கதான் மிச்சம் இருந்திச்சி."

அவள் அந்த முகத்துக்கு முன்னால் இலை போட்டுச் சோறு, வடை, வாழைக்காய்க் குழம்பு என்று வரிசையாக வைத்தாள். வள்ளி கற்பூரம் ஏற்றினாள். ஏற்றிவிட்டு எழுந்திருக்காமல், அந்த வெளிச்சத்தில் அப்பனின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்தது போதும் என்று ஜெயம்மா சொன்னபிறகும் பார்த்தாள்.

"நீங்களும் ஒரு வாய் சாப்ட்டுப் போங்கண்ணா" என்று ஜெயம்மா இன்னொரு இலையைப் போட்டாள். அறை சின்னது. படையல் இலைக்கு எதிரேதான் இடம் இருந்தது.

வேலை கிடக்கிறது என்றார் சம்பங்கி. டீக்கடையில் ஆள் காத்திருக்கிறது என்றார். சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜெயம்மா குழம்புச் சட்டியை எடுக்க அடுப்படிப் பக்கம் திரும்பினாள். சம்பங்கி இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பிறகு, எதிரே இருந்த முகத்தை நிமிர்ந்து பார்த்து, சுரங்கத்தில் டிஃபன் தூக்கைத் திறக்கிற ஆள் எதிரே இருக்கிற ஆளிடம் கேட்கிற குரலில் கேட்டார்.

"இன்னா ராஜப்பா, ஆரம்பிக்கலாமா?"